மணி சரிதானா?



கையில் கடியாரம் கட்டியவரைக் கண்டால் "மணி என்ன?" என்று கேட்பது நம் நாட்டு வழக்கம். கட்டியவரே "நம் கடியாரம் சரிதானா?" என்று தம்மைக் கேட்டுக்கொள்வது அரிது. அந்தக் கேள்வியை ஒரு மாலைப்பொழுதில் நாங்கள் கேட்கத் தவறினோம். அதனால் நேர்ந்ததையும், அதிலிருந்து கற்றதையும், தமிழகத்துக்கு வெளியே வாழும் உங்களுக்குச் சொல்லவே இன்று முன்வந்திருக்கிறோம்.

நாங்கள் வாழ்வது பெங்களூரிலுள்ள ஜீவனஹள்ளியில். கிழக்குப் பெங்களூர் புகைவண்டி நிலையம் எங்களுக்குத் தொலைவில் இல்லை. ஊர்ப்பெயர் கன்னடம், தெருவில் இறங்கினாலோ கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் மாறிமாறிக் காதில் விழும். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்ட் வரை இருப்புப்பாதை போடப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் இந்தப் பக்கத்துக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழர் பலர். எங்கள் குடும்பமும் அவ்வாறு வந்து வேர்விட்ட குடும்பங்களில் ஒன்று.

இப்பொழுது இத்தெருக்களில் விடியற்காலையில் நடைபயில்வோர் கைகளைப் பார்த்தால் புதியதோர் அணி தென்படும். ரப்பர் போன்ற வாரில் கோத்த சிறு கண்ணாடிச் சில்லு அது. இளைஞர்கள் அதனை ஃபிட்னஸ் பேண்ட் என்கிறார்கள். நாம் கைப்பட்டை என்று சொல்லிக்கொள்வோம். நடந்த அடிகளை அது எண்ணும். நாடித் துடிப்பைப் பார்க்கும். உறங்கிய நேரத்தைக் குறிக்கும். குறித்த வேளையில் கையைக் கிள்ளுவதுபோல் அதிர்ந்து நினைவூட்டும். இத்தனை வேலைகளுக்கும் அடிப்படையாக அதனுள் ஒரு கடியாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கடியாரம் பிழைபட்டால் மற்ற எல்லாமே பிழைபடும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். ஒரே மகள் மணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள். பெரியவருக்குச் சர்க்கரை நோய் உண்டு; கண்ணிலும் புரை படர்ந்து பார்வை மங்கியிருக்கிறது. இரவு 8 மணிக்கு ஒரு மாத்திரை. அதன்பின் அரை மணிக்குள் உணவு. இதுவே மருத்துவர் வகுத்த முறை. அந்த உணவு எங்கள் வீட்டிலிருந்துதான் நாள்தோறும் போகும்.

தந்தை மாத்திரையை மறந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட மகள், ஒரு கைப்பட்டையை வாங்கி, தன் கைபேசியோடு இணைத்து, இரவு 8 மணிக்கு அதிரும்படி அமைத்து, ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினாள். சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நண்பகல், அது பெரியவர் கையில் ஏறிற்று. "அதிர்ந்தால் மாத்திரை, அப்பா" என்று தொலைபேசியிலும் சொல்லிவைத்தாள். கண்ணாடியில் தெரியும் எண்கள் அவர் கண்ணுக்கு எட்டவில்லை. அதிர்வு ஒன்றையே அவர் நம்பினார்.

அன்று மாலை நல்ல மழை. வானம் கறுத்து, மின்சாரமும் நின்று, வீடெங்கும் இருள் சூழ்ந்திருந்தது. பட்டை அதிர்ந்தது. பெரியவர் மாத்திரையை விழுங்கிவிட்டு உணவுக்காகக் காத்திருந்தார். அப்பொழுது இங்கே மணி 5.30 தான், சிங்கப்பூரில்தான் 8. அந்த நாட்டின் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. மகள் கைபேசியிலிருந்து பட்டை பெற்று வந்த நேரம் அது.

ஏழு மணிக்குமேல் மெழுகுவத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நாங்கள் அவர் வீட்டுக்குச் சென்றோம். வாயிற்படியில் சாய்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கிற்று, சொல் குழறிற்று. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் உடனே சர்க்கரை கரைத்த நீரைப் பருகச் செய்து, ஆட்டோவில் மருத்துவரிடம் கொண்டுசென்றோம். உணவின்றி மாத்திரை மட்டும் உள்ளே சென்றதால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்றார் மருத்துவர். இன்னும் ஒரு மணி நேரம் யாரும் போய்ப் பார்த்திராவிட்டால் என்னவாகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் பெரியவரிடம், "ஏன் ஐயா, எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாகாதா?" என்றோம்.

"மகள் அனுப்பினது பொய் சொல்லுமா, தம்பி?" என்றார்.

பட்டை பொய் சொல்லவில்லை. சிங்கப்பூரின் உண்மையை ஜீவனஹள்ளியில் சொல்லிற்று. நேரம் என்பது இடத்தைச் சார்ந்தது என்பதை நாம் அனைவரும் மறந்துபோனதே பிழைக்குக் காரணம்.

நேயர்களே, இடத்துக்கு ஒரு நேரம் என்பது புதிய செய்தி அன்று. கதிரவன் கிழக்கேயுள்ள ஊருக்கு முன்னும் மேற்கேயுள்ள ஊருக்குப் பின்னும் உச்சியை அடைகிறான். நிலவுருண்டையில் ஒரு பாகை மேற்கே போனால் 4 நிமிடம் பிந்தும். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே இரண்டரைப் பாகைக்குச் சற்று மேற்பட்ட தொலைவு இருப்பதால், சென்னையில் கதிரவன் உச்சிக்கு வந்து ஏறத்தாழ 11 நிமிடம் கழித்தே பெங்களூரில் வருகிறான். நாழிகை வட்டிலில் நீர் சொட்டச் சொட்டக் காலத்தை அளந்த நாளில் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேலுள்ள கதிரவனையே நம்பிற்று. அதனால் இடரும் இல்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச்சேரப் பல நாள் ஆகும்போது 11 நிமிடத்தைக் கேட்பார் யார்?

புகைவண்டி வந்தது, தந்தியும் வந்தது. ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் வண்டி எப்பொழுது வரும் என்று அட்டவணை அச்சிட இயலாது. ஆதலின் இந்திய இருப்புப்பாதைகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை நேரத்தைப் பொது நேரமாக ஏற்றன. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வான் ஆய்வகம் விண்மீன்களைப் பார்த்துக் கணித்த நேரம் அது. கிரீன்விச்சு நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. பின்னர் 1906-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல், 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டு, கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முந்திய இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. எனினும் கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தத்தம் நேரத்தை விடாமல் வைத்திருந்தன. தன் நேரத்தை விட்டுக்கொடுப்பது ஓர் ஊருக்கே அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது!

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இந்த வரலாற்றில் ஓர் இனிய செய்தியும் உண்டு. நுங்கம்பாக்கத்து வான் ஆய்வகத்தின் பணி 1899-இல் கொடைக்கானல் மலைக்குப் பெயர்ந்தது. அதன் வழிவந்த இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இன்று தலைமையிடம் கொண்டிருப்பது பெங்களூர்க் கோரமங்கலத்தில். நாட்டுக்கு ஒரு காலத்தில் மணி சொன்ன சென்னை ஆய்வகமும் நம்மைப்போலவே ஊர் பெயர்ந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பெங்களூரும் கடியாரத்துக்குப் புதிய ஊர் அன்று. ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் எச்.எம்.டி. கைக்கடியாரத் தொழிற்சாலை இந்நகரில்தான் தொடங்கிற்று. திருமணத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் அக்கடியாரம் வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. 2016-இல் அந்தக் கடியார நிறுவனத்தை மூடிவிட மத்திய அரசு முடிவு செய்தது. ஆயினும் அக்கடியாரம் இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் உறங்குகிறது. அதற்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும். பிந்தினால் பக்கத்துத் திருகை இழுத்து, வானொலியில் செய்திக்கு முன் ஒலிக்கும் குறியொலியைக் கேட்டு, முள்ளைத் திருப்பி வைத்தோம். நேரம் சொல்பவர் வேறு, அதை வாங்கி வைப்பவர் நாம் என்பது அப்பொழுது கண்கூடாகத் தெரிந்தது.

கைப்பட்டையில் சாவியும் இல்லை. பெரும்பாலானவற்றில் மணியைத் திருப்பும் திருகும் இல்லை. அதனுள் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் ஒன்று என்று வரும். அதுவே ஒரு வினாடி. படிகம் நாளொன்றுக்கு ஓரிரு வினாடி பிசகக்கூடும். அதனால் பட்டை அவ்வப்பொழுது புளூடூத் வழியே கைபேசியை அணுகி நேரத்தை வாங்கிக்கொள்கிறது. கைபேசியோ கோபுரத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் வாங்குகிறது. இத்தகைய நேரங்களுக்கெல்லாம் மூலமாக அணுக் கடியாரங்கள் உள்ளன. நம் நாட்டு நேரத்தைக் காப்பது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். சீசியம் அணுவின் கதிரலை 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அலைந்தால் ஒரு வினாடி என்பது உலகம் ஒப்பிய அளவு. இவ்வளவு நுட்பமாகக் காக்கப்படும் நேரமும், கடைசி வீட்டுக்கு வந்து சேராவிட்டால் பெரியவருக்குப் பயன்படவில்லை அன்றோ?

ஆகவே பட்டையின் மணி தவறினால் முதலில் செய்யத்தக்கது, எவ்வளவு தவறியிருக்கிறது என்று பார்ப்பது. நாடி பிடித்து நோயறிவதுபோல், பிழையின் அளவைக் கொண்டே அதன் காரணத்தை ஊகிக்கலாம்.

சரியாக இரண்டரை மணி முந்தியிருந்தால் சிங்கப்பூர் அல்லது மலேசிய நேரம் ஏறியிருக்கிறது. ஒன்றரை மணி பிந்தினால் துபாய் நேரம். ஐந்தரை மணி பிந்தினால் கிரீன்விச்சு நேரம். இலண்டனில் குளிர்காலத்து நேரமும் அதுவே. அங்கே கோடையில் கடியாரத்தை ஒரு மணி முன் தள்ளிவைப்பதால் வேறுபாடு நாலரை மணியாகும். நாம் அவ்வாறு மாற்றுவதில்லை. இப்படி மணியும் அரைமணியுமாக முழு அளவில் பிசகினால், கடியாரம் நலமாகவே ஓடுகிறது. ஊர்தான் மாறியிருக்கிறது என்று தெளியலாம்.

மிகச் சரியாக 12 மணி பிசகினால் காலை மாலை மயங்கியிருக்கிறது. ஒருவர் கையால் நேரத்தை அமைத்தபோது முற்பகல் பிற்பகல் மாற்றிக் குறித்திருப்பார். பட்டை 20 என்று காட்டினாலோ அது பிழையே அன்று; 24 மணிக் கணக்கில் இரவு 8 மணி அது. செயலியில் 12 மணிக் கணக்கைத் தேர்ந்தால் தீர்ந்தது.

சில நிமிடமோ, ஒழுங்கற்ற சில மணியோ பிந்தியிருந்தால், பட்டை நெடுநாளாகக் கைபேசியைச் சந்திக்கவில்லை. அல்லது மின்கலம் இடையில் தீர்ந்து எண்ணிக்கை நின்றுபோயிற்று. நாளும் ஆண்டுமே மாறி 1970 ஜனவரி 1 போன்ற பழைய நாளொன்று தெரிந்தால் அஞ்ச வேண்டா. கணிப்பொறிகள் பல தம் காலக் கணக்கைத் தொடங்கும் நாள் அது. நினைவிழந்து விழித்த கருவி தன் பிறந்தநாளைச் சொல்கிறது என்று கொள்ளலாம்.

இனிச் செம்மைப்படுத்தும் முறை. முதலில் பட்டைக்கு நிறையச் சார்ஜ் ஏற்றுங்கள். மின்சாரம் குறைந்த நிலையில் அது கைபேசியோடு சரிவர இணையாது. இரண்டாவதாகக் கைபேசியின் மணியைப் பாருங்கள். அதன் அமைப்புகளில் தேதியும் நேரமும் தானாகவே அமையுமாறு வைத்து, நேர மண்டலம் இந்தியா என்று இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கடன் கொடுப்பவரிடமே செல்லாக்காசு இருந்தால் வாங்குபவர் என்ன செய்வார்? மூன்றாவதாகப் புளூடூத்தைத் திறந்து, பட்டைக்குரிய செயலியைத் திறந்து, முகப்புப் பக்கத்தை விரலால் கீழே இழுத்துவிடுங்கள். பெரும்பாலும் அந்தக் கணமே பட்டையின் மணி திருந்திவிடும். திருந்தாவிடில் செயலியில் உங்கள் கணக்குப் பக்கத்தைப் பாருங்கள். சில செயலிகள் கைபேசிக்கு ஒரு மண்டலமும் தமக்கு ஒரு மண்டலமும் வைத்துக்கொள்கின்றன. மின்சாரத்தைச் சேமிப்பதற்காகக் கைபேசி அச்செயலியை உறங்க வைத்திருப்பதும் உண்டு, அதற்கு விலக்களியுங்கள். பிறகு பட்டையையும் கைபேசியையும் ஒருமுறை அணைத்துத் திறவுங்கள்.

இவை எவற்றாலும் ஆகாதபோதே இணைப்பை அறுத்து மீண்டும் இணைக்க வேண்டும். அதற்கு முன்பு, பட்டையிலுள்ள கணக்குகள் கைபேசிக்கு வந்துவிட்டனவா என்று பாருங்கள். வராதவை அழிந்துபோகக் கூடும். புதிதாக இணைத்தபின், நினைவூட்டும் வேளைகளை மறுபடியும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மணி திருந்தியதும் அதிர்வும் திருந்திவிடும் என்று எண்ணி இருந்துவிடுவது ஆபத்து.

பெரியவரின் பட்டையை நாங்கள் திருத்தப் புகுந்தபோது அது எங்கள் கைபேசிக்கு இணங்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு கைபேசிக்கே அது கட்டுப்படும். மகளின் கைபேசி அதனை இன்னும் விடவில்லை. சிங்கப்பூருக்குப் பேசினோம். நடந்ததைக் கேட்ட அப்பெண் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "நான்தானே அண்ணா அனுப்பினேன்" என்று அழுதாள். "அம்மா, நீ அனுப்பியது அன்பு, மணியை நாங்கள் பார்த்திருக்க வேண்டும்" என்று ஆற்றினோம். அவள் தன் செயலியிலிருந்து பட்டையை விடுவித்தாள். நாங்கள் இணைத்தோம். மணி 10.40 என்று காட்டிற்று. சுவர்க் கடியாரமும் 10.40.

இவ்வளவும் அடிக்கணக்குக்காக என்றால் பொருட்படுத்தாமல் விடலாம். சிங்கப்பூர் நேரம் ஏறிய பட்டைக்கு நம் இரவு 9.30 மணிக்கே நாள் முடிந்துவிடும். உணவுக்குப்பின் நடந்த நடை மறுநாள் கணக்கில் சேரும். உறக்கம் நள்ளிரவு கடந்து தொடங்கியதாகக் குறிக்கும். நாடி எந்த மணிக்கு விரைந்தது என்று மருத்துவர் கேட்டால் தவறான விடை போகும். அடிகள் போகட்டும், மாத்திரையும் மருத்துவமும் அதன்மேல் நிற்கும்போது விளையாட்டில்லை.

நம் குடும்பங்களில் தாய் திருச்சியில், மகன் புனேயில், மகள் துபாயில், பேரன் இலண்டனில் என்று வாழ்கிறோம். அன்பினால் ஒருவருக்கொருவர் கருவிகளை அனுப்புகிறோம். அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கைபேசியிலிருந்து கருவியை விடுவித்து அனுப்புங்கள், போய்ச்சேர்ந்த ஊரிலேயே ஒருவர் அதனை இணைக்கட்டும். பெறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கையில் ஏற்றும் முன் வீட்டுச் சுவர்க் கடியாரத்தோடு ஒப்பிடுங்கள். அருகில் வாழ்வோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். தனித்து வாழும் முதியவர் கையில் புதிய கருவி ஏதேனும் கண்டால், "மணி சரிதானா, ஐயா?" என்று கேளுங்கள். மருந்து வேளையைக் கருவியிடம் மட்டும் ஒப்படைத்துவிடாமல், மனிதர் ஒருவரும் அறிந்திருக்கட்டும்.

பெரியவரிடம் இருப்பது பொத்தான் கைபேசி. பட்டைக்கு நேரம் கொடுக்க அதனால் இயலாது. ஆதலின் ஞாயிறுதோறும் காலையில் அவரே எங்கள் வீட்டுக்கு வருகிறார். திண்ணையில் அமர்ந்து கையை நீட்டுகிறார். கைபேசியைத் திறந்து பட்டைக்கு நேரத்தைக் கொடுக்கிறோம். ஒரு குவளைக் காப்பியும் கொடுக்கிறோம். வானொலிப் பெட்டி ஒரே வீட்டில் இருந்த காலத்தில் தெருவே அங்கு வந்து மணி கேட்டுப்போனதை அவர் நினைவுகூர்கிறார். புறப்படும் முன் மறவாமல் ஒன்று கேட்கிறார்: "இது நம்ம ஊர் மணிதானே, தம்பி?"

"நம்ம ஊர் மணிதான், ஐயா" என்கிறோம்.